அகன்ற வாயிலும் உயர்ந்த கல்வியும்



ஆண்டுதோறும் கோடை விடுமுறை முடிந்து எமது தமிழ்ப் பாடசாலை மீளத் தொடங்கும் வேளையில், ஒரு கேள்வி எம்மை வந்தடைவது வழக்கமாகிவிட்டது. வகுப்பு முடியும்வரை மண்டப வாசலிற் காத்து நிற்கும் பெற்றோர், பிள்ளை சற்று அப்பாற் சென்றதும் எம்மை அணுகுவார்கள். "மாஸ்ரர், இவளுக்கு என்.சே. காணாதாம். இனி என்ன செய்யிறது?" என்று தாழ்ந்த குரலிற் கேட்பார்கள்.

அவ்வாறு கேட்ட தந்தை ஒருவரின் முகம் எமக்கு மறக்கக்கூடியதன்று. அவருடைய மகள் எம்மிடம் தமிழ் கற்று, பின்னர் சிறுவர் வகுப்புக்கு உதவியாளராக வந்துகொண்டிருந்தவள். அபிற்றூர்ப் பரீட்சையில் 2.4 பெற்று, உளவியல் கற்க விரும்பி மூன்று நகரங்களுக்கு விண்ணப்பித்திருந்தாள். மூன்றிலிருந்தும் இடமில்லை என்றே பதில் வந்தது. "இருபது வருசம் இரவு வேலை செய்தது இதுக்குத்தானா மாஸ்ரர்?" என்றார் தந்தை. மகளோ சிறுவர் வகுப்புக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். உறவினர் விசாரிப்பார்கள் என்ற வெட்கத்தால் அக்குடும்பம் அவ்வாண்டு ஒரு கொண்டாட்டத்துக்கும் செல்லவில்லை.

அக்குடும்பத்தைப் போன்றவர்களை மனத்திற் கொண்டே இக்கட்டுரையை வரைகின்றோம். நாம் கூற விழைவது ஒன்றே. நுழைவது கடினம் என்பதும் கல்வி உயர்ந்தது என்பதும் வெவ்வேறான இரு விடயங்கள். ஜேர்மனியில் வாயில் அகன்ற பெரும் பல்கலைக்கழகங்கள் பல உள்ளன. அவற்றைத் தேடிச் செல்வது தோல்வியாகாது. ஆயினும் வாயில் அகன்றிருப்பதால் உள்ளே உள்ள பாதையும் இலகுவாயிருக்கும் என எண்ணிவிடலாகாது.

எமது அச்சத்தின் வேர்

தாயகத்தில் நாம் வன்னிக் கிராமம் ஒன்றின் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் கற்பித்தோம். அந்நாட்டில் உயர்தரப் பரீட்சையிற் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கின்றது. 1970களின் முற்பகுதியிற் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தலும், அதனைத் தொடர்ந்த மாவட்ட ஒதுக்கீடும் எம்மினத்தின் வரலாற்றையே திசைதிருப்பின என்பதைப் பெற்றோர் அறிவர். இன்றும் அங்கு பெரும்பாலான துறைகளில் 40 வீதமான இடங்கள் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. இசட் புள்ளி எனும் கணிப்பு வந்தபின், தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்களே பிள்ளைகளின் வாழ்வைத் தீர்மானித்தன.

எம்மிடம் கற்ற மாணவன் ஒருவன் பொறியியற் பீடத்துக்கான வெட்டுப்புள்ளியை அவ்வாறு மிகச் சொற்ப வித்தியாசத்தில் தவறவிட்டான். "அடுத்த முறை எடுப்பன் சேர்" என்று கூறிச் சென்றான். அடுத்த முறை வருமுன் போர் எமது ஊருக்கு வந்துவிட்டது. 2009ஆம் ஆண்டின் பின் அவனைப் பற்றிய செய்தி எதுவும் எமக்குக் கிடைக்கவில்லை. 'இடம் கிடைக்கவில்லை' எனும் சொற்களைக் கேட்கும்போதெல்லாம் அவனுடைய முகமே எம் கண்முன் தோன்றுகின்றது. பெற்றோரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடாமைக்குக் காரணம் இதுவே.

அந்நாட்டில் வாயில் ஒன்றே இருந்தது. அது மிக ஒடுங்கியதாயும் இருந்தது. ஆகவே ஒடுங்கிய வாயிலுக்குள் புகுந்தவரே வல்லவர், வெளியே நின்றவர் வாழ்விழந்தவர் என்று நாம் எண்ணப் பழகினோம். அவ்வளவுகோலை விமானத்தில் ஏற்றி இங்கும் கொண்டுவந்துவிட்டோம். ஆனால் இந்நாட்டின் அமைப்போ முற்றிலும் வேறானது.

என்.சே. என்பது யாது?

முதலில் ஒரு சிறு குறிப்பு. இங்கு அபிற்றூரில் 1.0 என்பதே அதியுயர் பெறுபேறு, 4.0 என்பது சித்திக்குரிய கடைசி எல்லை. எண் குறையக் குறையப் பெறுபேறு உயரும். நூறு புள்ளிக்குப் பழகிய எம்மவர் சிலர் இதனைத் தலைகீழாக விளங்கிக்கொள்வதுண்டு.

என்.சே. என்பது 'நுமெறுஸ் குளௌசுஸ்' எனும் இலத்தீன் தொடரின் சுருக்கமாகும். 'மட்டுப்படுத்தப்பட்ட எண்ணிக்கை' என்பது அதன் பொருள். இச்சொல்லில் எண்ணிக்கையைப் பற்றிய பேச்சு உண்டேயன்றித் தரத்தைப் பற்றிய பேச்சு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டுகின்றோம்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு துறைக்கு 100 இடங்கள் உள்ளன எனக் கொள்வோம். அதற்கு 80 பேரே விண்ணப்பித்தால், 3.6 பெற்றவருக்கும் இடம் கிடைக்கும். அதே 100 இடங்களுக்கு 900 பேர் விண்ணப்பித்தால், பெறுபேற்றின்படி வரிசைப்படுத்தி மேலிருந்து எடுப்பார்கள். பெறுபேற்றால் இடம் பெற்றவர்களுள் இறுதியானவர் 1.6 பெற்றிருந்தால், 'இவ்வாண்டின் என்.சே. 1.6' என்று பின்னர் அறிவிப்பார்கள். ஆகவே பேராசிரியர்கள் கூடியிருந்து, 'இப்பாடத்தை விளங்கிக்கொள்ள இவ்வளவு அறிவு வேண்டும்' என முன்கூட்டியே வகுத்த எல்லை அன்று இது. கடையின் முன் நின்ற வரிசையின் நீளம் எவ்வளவு என்பதை மாலையில் அளந்து கூறுவதற்கு ஒப்பானது. அடுத்த ஆண்டு வரிசை குறுகினால் எண்ணும் மாறும்.

இதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. ஜேர்மனியின் அடிப்படைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு தொழிலையும் தொழிற்பயிற்சி பெறும் இடத்தையும் தெரிவுசெய்யும் உரிமையை வழங்குகின்றது. 1972ஆம் ஆண்டு யூலை 18ஆம் திகதி, மருத்துவக் கல்வி தொடர்பான வழக்கொன்றில் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பொன்றை வழங்கியது. இருக்கின்ற இடங்கள் முழுமையாக நிரப்பப்பட்ட பின்னரே கட்டுப்பாடு விதிக்கலாம் என்பதும், நியாயமான அளவுகோல் கொண்டே தெரிவு இடம்பெற வேண்டும் என்பதும் அதன் சாரமாகும். அதாவது அபிற்றூர் சித்தியடைந்தவர் ஒவ்வொருவரும் கற்கும் உரிமை உடையவர். அவ்வுரிமைக்குத் தடையாக நிற்பது இடநெருக்கடி மட்டுமே.

சில துறைகளில் நெருக்கடி, சிலவற்றில் இடவசதி

ஒரு துறையில் எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்பது கணக்கிட்டே முடிவுசெய்யப்படுகின்றது. ஆசிரியர்கள் வாரத்தில் எத்தனை மணித்தியாலம் கற்பிக்கின்றனர், ஒரு மாணவனை உருவாக்க எத்தனை மணித்தியாலம் தேவை என்பனவே அக்கணக்கின் அடிப்படை. மருத்துவத்துக்கு இவற்றோடு வைத்தியசாலைக் கட்டில்களும் நோயாளர் தொகையும் சேர்ந்துகொள்ளும். ஒரு நோயாளியைச் சூழ ஐந்நூறு மாணவர் நிற்க முடியாது. ஆனால் ஐந்நூறு மாணவர் ஒரு பெரிய விரிவுரை மண்டபத்தில் அமர்ந்து கணித விரிவுரை கேட்கலாம்.

மறுபுறத்தில் விரும்புவோரின் தொகையும் உண்டு. மருத்துவத்துக்கு ஓரிடத்துக்கு ஏறத்தாழ மூவர் போட்டியிடுகின்றனர். உளவியலுக்கு நாடெங்கும் பெரும் விருப்பம் நிலவுகின்றது. கணிதம், பௌதிகவியல், மின்னியற் பொறியியல் முதலியனவோ பல பெரும் பல்கலைக்கழகங்களில் எவ்விதக் கட்டுப்பாடுமின்றி உள்ளன. இவை தரங்குறைந்த துறைகள் அல்ல. கடினமானவை என அஞ்சிப் பலர் விலகுவதாலேயே இங்கு வரிசை குறுகியுள்ளது. இலங்கையிற் பொறியியற் பீடத்தின் ஓரிடத்துக்காக எமது மாணவர்கள் விளக்கொளியில் விடியவிடியப் படித்தார்கள். இங்கு அதே துறை கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கின்றது. இதனை எண்ணும்போது எமது நெஞ்சம் கனக்கின்றது.

நகரமும் ஒரு காரணம். பேர்ளின், ஹம்பேர்க், முன்சன், கேள்ன் போன்ற நகரங்களில் வாழ இளைஞர் பெரிதும் விரும்புவர். ஆகவே ஒரே துறைக்கு அங்கு கடும் நெருக்கடியும் வேறொரு நகரத்தில் இடவசதியும் இருப்பதுண்டு. இரு இடங்களிலும் பெறும் பட்டம் சட்டத்தின் முன் சமமானது. பட்டச் சான்றிதழில் நுழைவின்போதிருந்த என்.சே. பொறிக்கப்படுவதுமில்லை.

றூர் நிலம் தரும் பாடம்

எம்மவரிற் பெருந்தொகையானோர் வாழும் நோட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலத்திலேயே இதற்குச் சிறந்த சான்று உண்டு. றூர் நிலப்பகுதி நிலக்கரியாலும் உருக்காலும் ஜேர்மனியைத் தாங்கி நின்றது. ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அங்கு வாழ்ந்தனர். எனினும் டூஸ்பூர்க் நகரின் பழைய பல்கலைக்கழகம் 1818இல் மூடப்பட்ட பின், ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு காலம் அந்நிலப்பகுதியிற் பல்கலைக்கழகமே இருக்கவில்லை. சுரங்கத் தொழிலாளியின் மகனும் சுரங்கத்துக்கே செல்வான் என்பதே எழுதாத விதியாயிருந்தது.

1960களில் அவ்விதி மாற்றப்பட்டது. போஹும் பல்கலைக்கழகம் 1965இல் கற்பித்தலை ஆரம்பித்தது. டோட்முண்ட் பல்கலைக்கழகம் 1968இல் நிறுவப்பட்டது. 1972இல் டூஸ்பூர்க்கிலும் எசனிலும் உயர்கல்வி நிறுவனங்கள் எழுந்தன. அவை 2003இல் ஒன்றிணைந்து ஒரே பல்கலைக்கழகமாயின. 1974இல் ஹாகன் நகரில் தொலைக்கல்விப் பல்கலைக்கழகம் அமைந்தது. தொழிலாளர் வாழ்ந்த நிலத்துக்கே உயர்கல்வியைக் கொண்டுவந்த முயற்சி இது.

இன்று போஹும் பல்கலைக்கழகத்திலும் டூஸ்பூர்க்-எசன் பல்கலைக்கழகத்திலும் தனித்தனியே ஏறத்தாழ 40,000 மாணவர்கள் கற்கின்றனர். டோட்முண்டில் ஏறத்தாழ 30,000 பேர். ஹாகன் தொலைக்கல்விப் பல்கலைக்கழகத்தில் 60,000க்கும் மேற்பட்டோர் பதிவுசெய்துள்ளனர். தொழிற்சாலையில் வேலை செய்யும் தாய் தந்தையரின் பிள்ளை உயர்கல்வி பெறுவதற்கு, எமக்கு முன்னரே அந்நிலத்தின் தொழிலாளர் குடும்பங்கள் பாதை அமைத்துவிட்டன. அப்பாதையில் நடப்பதற்கு எமது பிள்ளைகள் ஏன் நாணவேண்டும்?

தேடும் முறை

இனி மாணவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்.

முதலாவது, நகரத்தைத் தேடாது துறையைத் தேடுக. ஜேர்மன் பல்கலைக்கழக அதிபர்களின் மாநாட்டமைப்பு 'ஹோஹ்சூல்கொம்பஸ்' எனும் இணையத்தளத்தை நடத்துகின்றது. நாட்டிலுள்ள பாடநெறிகளை அதிற் காணலாம். 'அனுமதிக் கட்டுப்பாடு அற்றவை' என்ற தெரிவை இட்டால் அத்தகைய நெறிகள் மட்டும் திரையில் வரும். வேலைவாய்ப்பு அலுவலகத்தின் ஆலோசகர்களும் கட்டணமின்றி வழிகாட்டுவார்கள்.

இரண்டாவது, சென்ற ஆண்டின் என்.சே.யைக் கண்டு பின்வாங்கற்க. அது சென்ற ஆண்டு வரிசையின் நீளம் மட்டுமே. விண்ணப்பிப்பதால் இழப்பு எதுவுமில்லை. முதலில் இடம் பெற்றவர்கள் வேறிடம் சென்றால் அடுத்தவர் அழைக்கப்படுவார். சில இடங்களில் எஞ்சியவற்றைச் சீட்டிழுப்பு முறையிலும் வழங்குவார்கள்.

மூன்றாவது, காலவரையறையை மறவற்க. குளிர்கால அரையாண்டுக்குக் கட்டுப்பாடுள்ள நெறிகளுக்கான விண்ணப்ப முடிவு பொதுவாக யூலை 15ஆம் திகதி. கட்டுப்பாடற்ற நெறிகளுக்கோ பல இடங்களிற் செப்ரெம்பர் மாத இறுதிவரைகூடப் பதிவுசெய்யலாம். ஓகஸ்ற் மாதத்தில் மறுப்புக் கடிதம் வந்த பிள்ளைக்கு இன்னும் வாரங்கள் உண்டு என்பதே இதன் பொருள். எனினும் இடத்துக்கிடம் திகதி வேறுபடும். கட்டுப்பாடும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அவ்வவ் ஆண்டின் அறிவித்தலை அப்பல்கலைக்கழகத்திடமே உறுதிப்படுத்துக.

நான்காவது, விரும்பிய துறைக்கு அயலிலுள்ள துறைகளை ஆராய்க. உயிரியலுக்கு இடமில்லையெனில் இரசாயனவியல் திறந்திருக்கக்கூடும். பெரிய பல்கலைக்கழகத்தின் சிறப்பு இங்கேதான் உள்ளது. அங்கு பல பீடங்கள் ஒரே வளாகத்தில் இருப்பதால், முதலாண்டிற் பாதை பொருந்தவில்லையென உணரும் மாணவன் ஊர் மாறாமலே வேறு துறைக்கு மாற வாய்ப்புண்டு. ஆசிரியத் தொழிலை விரும்புவோர் கணிதம், பௌதிகவியல், கணினியியல் ஆகியவற்றைத் தெரிவுசெய்தால் கதவு அகலத் திறந்திருக்கும். இப்பாடங்களுக்கு இந்நாட்டுப் பாடசாலைகளில் ஆசிரியர் பற்றாக்குறை நிலவுகின்றது.

ஐந்தாவது, பணத்தை எண்ணி அஞ்சற்க. அரச பல்கலைக்கழகங்களில் எம் பிள்ளைகளுக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. அரையாண்டுக்கு முந்நூறு யூரோவை ஒட்டியோ சற்று மிகுந்தோ பங்களிப்புத் தொகை செலுத்தவேண்டும். இம்மாநிலத்தில் அதனுள் போக்குவரத்து அட்டையும் பெரும்பாலும் அடங்கும். பெற்றோரின் வருமானம் குறைவாயின் 'பாபெக்' எனும் அரச உதவி உண்டு. அதிற் பாதி நன்கொடை. மறுபாதி வட்டியில்லாக் கடன். ஏற்றுக்கொள்ளப்பட்ட அகதிகளும் அதற்குரித்துடையவர்கள்.

மருத்துவத்தை விரும்புவோருக்கு ஒரு சொல்

எம்மவர் உள்ளத்தில் மருத்துவத்துக்குத் தனியிடம் உண்டு. அதற்கு அகன்ற வாயில் எங்குமில்லை என்பதை ஒளிக்காமற் கூறவேண்டும். 2017 டிசெம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைத் தொடர்ந்து, 2020 முதல் புதிய முறை நடைமுறையில் உள்ளது. 30 வீத இடங்கள் அபிற்றூர்ப் பெறுபேற்றுக்கும், 10 வீதம் பெறுபேற்றைக் கருதாத பிற தகைமைகளுக்கும், 60 வீதம் பல்கலைக்கழகங்களின் சொந்தத் தெரிவுக்கும் உரியவை. மருத்துவக் கல்விக்கான தேர்வில் உயர்ந்த புள்ளி பெறுதல், தாதியர் போன்ற தொழிற்பயிற்சியை முடித்திருத்தல் ஆகியவை பல இடங்களிற் கைகொடுக்கும். பல ஆண்டுகள் காத்திருந்தால் இடம் வரும் என்ற பழைய வழி மருத்துவத்தில் இப்பொழுது இல்லை.

ஆகவே 'எதிலாவது பதிவுசெய்துவிட்டு மருத்துவத்துக்குக் காத்திருப்போம்' என்று பிள்ளைக்கு ஆலோசனை கூறாதீர்கள். மனமின்றிப் பிடித்துக்கொள்ளும் படிப்பு பிள்ளையின் ஆண்டுகளையே உண்ணும். அகன்ற வாயிலினுள் நுழைபவர், அவ்வீட்டில் வாழ விரும்பியே நுழையவேண்டும்.

வாயிலுக்கு அப்பால்

இனி நாம் கூறப்போவது இக்கட்டுரையின் மிக முக்கியமான பகுதி. பெற்றோர் இதனைப் பொறுமையோடு வாசிக்கவேண்டும்.

தாயகத்தில் அரிதட்டு வாயிலில் வைக்கப்பட்டிருந்தது. உள்ளே புகுந்தவர் பெரும்பாலும் பட்டத்தோடு வெளியேறினார். இங்கு வாயில் திறந்திருக்கும் துறைகளில் அரிதட்டு உள்ளே வைக்கப்பட்டுள்ளது. கணிதம், இயற்கை விஞ்ஞானம் ஆகிய துறைகளிற் பல்கலைக்கழகத்தில் முதற்பட்டத்துக்குச் சேர்வோரில் ஏறத்தாழ பாதிப்பேர் அதனை முடிக்காது விலகுவதாக ஜேர்மன் ஆய்வுகள் காட்டுகின்றன. முதல் இரு அரையாண்டுகளிலே உயர்கணிதப் பரீட்சை பலரைத் தடுத்து நிறுத்துகின்றது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு பரீட்சையை மூன்று முறை மட்டுமே எழுதலாம். மூன்றாம் முறையும் தவறினால் 'இறுதியாகச் சித்தியடையவில்லை' என்ற முடிவு வரும். அதன்பின் அதே நெறியை ஜேர்மனியின் வேறு பல்கலைக்கழகத்திலும் பொதுவாகத் தொடரமுடியாது.

பெரிய பல்கலைக்கழகத்தில் இன்னொரு இடரும் உண்டு. ஐந்நூறு பேர் இருக்கும் மண்டபத்தில் ஒருவன் வராவிட்டால் அதனைக் கேட்பார் இல்லை. ஊரில் மாணவன் இரு நாட்கள் வராதுவிடின் நாம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே செல்வோம். இங்கு அவ்வழக்கம் இல்லை.

நாம் அறிந்த ஒரு மகன் அவ்வாறே காணாமற் போனான். வீட்டிலிருந்து அல்ல, படிப்பிலிருந்து. முதலாண்டுப் பரீட்சைகளில் தவறியதை அவன் எவருக்கும் கூறவில்லை. மூன்றாம் முறையும் தவறிப் பதிவு நீக்கப்பட்ட பின்னரும், காலையிற் பையைத் தோளிற் போட்டுக்கொண்டு புறப்பட்டு, நகர நூலகத்தில் மாலைவரை அமர்ந்திருந்துவிட்டு வீடு திரும்பினான். தாய் கட்டிக்கொடுத்த சோற்றையும் அங்கேயே உண்டான். ஓராண்டுக்குமேல் இது நடந்தது. உண்மை வெளிப்பட்டபோது தந்தை கேட்டது, "ஏன் தம்பி எங்களுக்குச் சொல்லேல்லை?" என்பது மட்டுமே. "நீங்கள் எல்லாருக்கும் சொல்லிப்போட்டீங்கள் அப்பா" என்றான் மகன். தான் எழுதிய பரீட்சைகளைக் காட்டிலும், உறவினர் நடுவே தந்தை கொண்டிருந்த பெருமையே அவனுக்குப் பெருஞ்சுமையாயிருந்தது.

அவன் இன்று ஒரு தொழிற்பயிற்சியை முடித்து நல்ல வேலையில் இருக்கின்றான். இந்நாட்டில் வழிகள் முற்றாக அடைபடுவதில்லை. ஆயினும் அந்த ஓராண்டுத் தனிமையை அவனுக்கு எவரும் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஆகவே மாணவர்களே! முதலாம் அரையாண்டு தொடங்குமுன், பெரும்பாலும் செப்ரெம்பர் மாதத்தில், கணித ஆயத்த வகுப்பு நடைபெறும். அதனைத் தவறவிடாதீர்கள். வாராந்தப் பயிற்சித் தாள்களை நீங்களே செய்யுங்கள். பிறருடையதைப் பார்த்து எழுதுவது பரீட்சையன்று உதவாது. மூவர் நால்வர் கொண்ட கற்றற்குழு ஒன்றை முதல் வாரத்திலேயே அமைத்துக்கொள்ளுங்கள். முதன்முறை தவறினால் அன்றே துறையின் ஆலோசகரிடம் செல்லுங்கள். மூன்றாம் முறைவரை காத்திராதீர்கள். விரிவுரையின் பெருங்கூட்டம் உங்களுக்கு ஒவ்வாதென்றால், தொழில்சார் உயர்கல்லூரியான 'ஃபாஹ்ஹோஹ்சூல'யையும் எண்ணிப்பாருங்கள். அங்கு வகுப்புகள் சிறியவை. இடைவிலகுவோர் தொகையும் குறைவு. ஹாகன் தொலைக்கல்வியிலும் பல நெறிகள் திறந்துள்ளன. உளவியல்கூட அங்கு கட்டுப்பாடின்றிக் கற்கலாம். ஆனால் உளச்சிகிச்சையாளர் உரிமம் பெற விரும்புவோருக்கு அது உரிய பாதையன்று. இத்தகைய வேறுபாடுகளைச் சேருமுன்னரே கேட்டறியுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

பெற்றோர்களே! 'எந்த யூனிவேசிற்றி?' என்று எவரேனும் கேட்கும்போது, பிள்ளையை முந்திக்கொண்டு நீங்கள் விடை கூறாதீர்கள். 'என்ன புள்ளி?' என்று வினவுவதற்கு முன் 'என்ன படிக்கிறாய்? எது கடினம்?' என்று வினவுங்கள். அக்கணிதம் உங்களுக்கு விளங்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. கேட்பதற்கு ஒருவர் வீட்டில் இருக்கின்றார் என்பதைப் பிள்ளை உணர்ந்தாற் போதும். தவறினாலும் வீட்டுக்கு வரலாம் என்ற நம்பிக்கை உடைய பிள்ளை, ஓராண்டு முழுவதும் நூலகத்தில் ஒளிந்திருக்கமாட்டாது.

கட்டுரையின் தொடக்கத்திற் குறிப்பிட்ட மகளைப் பற்றி வாசகர் அறிய விரும்பக்கூடும். மறுப்புக் கடிதம் வந்த மறுவாரம் நாம் அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். தேநீர் ஆறும்வரை எவரும் பேசவில்லை. பின்னர் அவளிடம், பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு நேரம் போவது தெரியாமல் இருந்தாய் என்று கேட்டோம். பௌதிகவியல் என்றாள். அதனை எவரும் அவளிடம் முன்னர் கேட்டிருக்கவில்லை. உளவியல் என்பது தோழியர் கூட்டத்தோடு சேர்ந்தெடுத்த முடிவு. அன்றிரவே கட்டுப்பாடற்ற நெறிகளின் பட்டியலை எடுத்து மூவருமாகப் பார்த்தோம். செப்ரெம்பரில் றூர் நிலத்துப் பெரும் பல்கலைக்கழகம் ஒன்றில் மின்னியற் பொறியியலுக்குப் பதிவுசெய்தாள்.

முதல் உயர்கணிதப் பரீட்சையில் அவள் தவறினாள். அன்று மாலையே தந்தைக்குத் தொலைபேசியிற் கூறினாள். தந்தை எமக்குக் கூறினார். இரண்டாம் முறை எழுதுமுன் சனிக்கிழமைகளில் எமது தமிழ் வகுப்பு முடிந்தபின் அதே கரும்பலகையில் வகையீடும் தொகையீடும் செய்து பார்த்தோம். எமது கணிதத்துக்கும் துரு ஏறியிருந்தது, இருவருமாகத் துடைத்தோம். இரண்டாம் முறை சித்தியடைந்தாள். இப்பொழுது நான்காம் அரையாண்டிற் கற்கின்றாள். இன்னும் கடக்கவேண்டிய பரீட்சைகள் பல உள. சிறுவர் வகுப்புக்கு மீண்டும் வருகின்றாள். இவ்விழாவில் மழலையர் நடனத்தைப் பழக்கியவளும் அவளே.

எம் கைதவறிப் போன அந்த வன்னி மாணவனுக்கு ஒரே ஒரு வாயில்தான் இருந்தது. இம்மண்டபத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கோ பல வாயில்கள் உள்ளன. ஒரு கதவு சாத்தப்படின் அடுத்த கதவை அறிமுகப்படுத்துவது ஆசிரியராகிய எமது கடன். உள்ளே சென்ற பிள்ளை களைத்து வரும்போது வீட்டுக் கதவைத் திறந்து வைத்திருப்பது பெற்றோராகிய உங்கள் கடன். நடந்து முடிப்பது மாணவர்களாகிய உங்கள் கடன்.

அனைவர்க்கும் எமது ஆண்டு விழா நல்வாழ்த்துகள்.

வாழ்க தமிழ்! வளர்க எம் இளையோர் கல்வி!